கொடுத்தவனுக்கு உரியது

கொடைக்கானல் வானொலி நேயர்கள் அனைவருக்கும் என் அன்பான வணக்கம். நமக்கு வாய்த்த திறமைகளை இறைவன் தந்தவை என்று ஏற்றுக்கொள்ளும் பணிவைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள்.

யாராவது நம்மைப் பாராட்டினால், "எனக்கு என்ன தெரியும், ஒன்றுமில்லை" என்று கையை விரிப்பதையே அடக்கம் என்று பழகிவிட்டோம். அதை அடக்கம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நன்றாகப் பாடத் தெரிந்தவர் தமக்குப் பாட வராது என்று சொன்னால், அது பொய் என்பதோடு, அந்தக் குரலைக் கொடுத்தவனையும் குறைத்துப் பேசுவதாகிறது. இருப்பதை இருக்கிறது என்று சொல்லி, அது யாரிடமிருந்து வந்தது என்பதையும் மறைக்காமல் சொல்வதுதான் பணிவு.

கணித மேதை இராமானுஜன் அப்படித்தான் சொன்னார். 1887-இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த அவருடைய குடும்பத்துக்கு நாமக்கல் நாமகிரித் தாயார் குலதெய்வம். தமக்குத் தோன்றும் கணித உண்மைகள் தாயாரின் அருளால் வருபவை என்று அவர் நண்பர்களிடம் கூறிவந்தார். ஆனால் தாயார் தருவாள் என்று அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. தாள் வாங்க வசதியில்லாமல் சிலேட்டில் கணக்குப் போட்டு, துணி தேடும் நேரம்கூட வீணாகும் என்று முழங்கையால் அழித்து, முடிவுகளை மட்டும் குறிப்பேட்டில் எழுதி வைத்தவர் அவர். இலண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகம் 1918-இல் அவரைத் தன் உறுப்பினராக்கியது. 1920 ஜனவரியில், நோயால் மெலிந்திருந்த நிலையிலும், புதிதாகக் கண்ட கணிதச் சார்புகளைப் (functions) பற்றி, இங்கிலாந்தில் தம்மோடு சேர்ந்து ஆய்வு செய்த பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். ஏப்ரலில் 32 வயதில் மறைந்தார். அருள் என்று நம்பியதால் அவருடைய உழைப்பு ஒரு நாளும் குறையவில்லை. கிடைத்ததை வீணாக்கக் கூடாது என்ற கவலை அந்த உழைப்பைக் கூட்டியிருக்க வேண்டும் என்றே எண்ணுகிறேன்.

நம் மலையிலும் இந்த மனநிலை உண்டு. குழந்தை வேலப்பர் என்ற பெயரில் முருகன் கோயில் கொண்டிருக்கும் பூம்பாறையில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் விதைப்பூண்டு பிரிப்பதில் பெயர் பெற்றவர். புகை படும்படி கட்டித் தொங்கவிட்ட கட்டுகளை இறக்கி, ஒவ்வொரு பூண்டையும் உள்ளங்கையில் உருட்டி, கட்டைவிரலால் அடிப்பக்கத்தை மெல்ல அழுத்துவார். பற்களுக்கு நடுவே சிறிது இளக்கம் தெரிந்தாலும் ஒதுக்கிவிடுவார். அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கும் அவரே பிரித்துக் கொடுக்கிறார். கூலி வாங்கக் கூடாதா என்று கேட்டதற்கு, "குழந்தை வேலப்பர் குடுத்த கை சாமி, இதுக்கு எப்படிக் காசு கேக்குறது?" என்றார். அதோடு விடாமல், பக்கத்து வீட்டுப் பையனை உட்கார வைத்து, அவன் விரலைப் பிடித்து அழுத்திக் காட்டினார். கூலி வாங்குவது தவறென்று நான் சொல்லவில்லை. தமக்குக் கிடைத்ததைத் தம்மோடு நிறுத்திக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை என்பதையே சொல்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பக்தியுள்ளவர்களே இதில் அதிகம் சறுக்குகிறார்கள். எல்லாம் கடவுள் கொடுத்தது என்று வாயால் சொல்லிக்கொண்டே, பிறரை விட்டுவிட்டு நம்மைத் தேர்ந்தெடுத்தான் என்று உள்ளுக்குள் பூரிப்பது, நேரடியான தற்பெருமையைவிடக் கேடானது. தற்பெருமைக்காரரையாவது ஊர் கண்டிக்கும், இவரை ஊரும் சேர்ந்து வணங்கிவிடும். அந்தத் திறமை வாய்க்காதவரிடம் நாம் எப்படிப் பேசுகிறோம் என்பதில் இது தெரிந்துவிடும். கற்றுக்கொடுத்த ஆசிரியரையும், இருந்ததை விற்றுப் படிக்கவைத்த தாய் தகப்பனையும் விட்டுவிட்டு நேரே கடவுளுக்கு நன்றி சொல்வதும் எனக்கு நிறைவாகத் தோன்றவில்லை. அவன் கொடுத்ததெல்லாம் அவர்கள் கை வழியாகத்தானே நமக்கு வந்தது?

தேர்வு முடிவு வரும் நாளில் உங்கள் பிள்ளை நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தால், குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்கோ, சலேத் மாதா ஆலயத்துக்கோ, பள்ளிவாசலுக்கோ அழைத்துச் செல்லுங்கள். போகும் வழியில் கணக்குச் சொல்லிக்கொடுத்த ஆசிரியரின் வீட்டிலும் நின்று செல்லுங்கள். அதே தெருவில் கணக்கில் தவறிய பிள்ளை ஒன்று இருந்தால், துணைத் தேர்வு வரும்வரை மாலை நேரத்தில் அந்தப் பிள்ளையோடு உட்கார்ந்து கணக்குப் போடும்படி உங்கள் பிள்ளையிடம் சொல்லுங்கள். வணக்கம்.