பலாலிக்கு ஒரு டிக்கெட்

நேயர்களுக்கு வணக்கம். நாட்டின் வெளியுறவுக் கொள்கை மாறும்போது பட்டாளத்தான் என்ன நினைப்பான் என்று பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்கு நேரில் தெரிந்தது ஒன்றுதான், இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படை. நான் சிக்னல் பிரிவில் இருந்தேன்.

1987 ஜூலை 29ஆம் தேதி கொழும்பில் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனவும் அங்கே நடந்த இனப் போரை நிறுத்த ஒப்பந்தம் போட்டார்கள். மறுநாளே யாழ்ப்பாணம் பக்கத்துப் பலாலி விமானத் தளத்தில் நம் படை இறங்கத் தொடங்கியது. நான் போனது ஆகஸ்டில். யாழ்ப்பாணத்தில் ஜனங்கள் ரோட்டோரம் நின்று கையாட்டினார்கள், மாலை போட்டார்கள். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அக்டோபரில் புலிகளோடு சண்டை தொடங்கிவிட்டது. சில வருஷம் முன்னால் இந்தியாவே பயிற்சி கொடுத்த பையன்கள் அவர்கள்.

சோதனைச் சாவடியில் தமிழ் தெரிந்தவனுக்குத்தான் பாடு அதிகம். இந்திக்காரர்கள் எதற்கெடுத்தாலும் எங்களைக் கூப்பிடுவார்கள். ஒரு நாள் வயதான அம்மா ஒருவர் பனையோலைப் பையோடு வந்தார். பிரித்துக் காட்டச் சொன்னேன். கொஞ்சம் மிளகாய், ஒரு மருந்துப் போத்தல், அவ்வளவுதான்.

"தம்பி, நீங்கள் தமிழோ?" என்றார்.

"ஆமாம்மா, வேலூர்ப் பக்கம்."

ஆகஸ்டாக இருந்தால் ஊர், உறவு எல்லாம் விசாரித்திருப்பார். இப்போது பையைக் கட்டிக்கொண்டு நடந்துவிட்டார்.

அப்புறம் பிரேமதாசா அதிபரானார். 1989இல் எங்களை வெளியேறச் சொன்னதோடு, நாங்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்த புலிகளுக்கே ஆயுதமும் கொடுத்தார். டில்லியிலும் ஆட்சி மாறி வி.பி.சிங் வந்தார். 1990 மார்ச் 24ஆம் தேதி கடைசி அணி திருகோணமலையிலிருந்து கப்பல் ஏறியது. சென்னையில் நடந்த வரவேற்புக்கு அன்றைய முதல்வர் கருணாநிதி வரவில்லை. அந்த வயதில் எனக்குக் கோபம் வந்தது. யாழ்ப்பாணம் மருத்துவமனையில் நோயாளிகளும் டாக்டர்களும் நம் படையின் துப்பாக்கிக்கு இரையானதை நினைத்தால், இப்போது அந்தக் கோபம் வருவதில்லை.

மிலிட்டரி கேன்டீனில் சரக்கு வாங்க வரிசையில் நிற்கும்போது பழைய ஆட்கள் சந்திப்போம். "ஆர்டர் வந்தால் போகணும், அதுக்குத்தான் சம்பளம்" என்பார் ஒருவர். "ஒரு கையைக் கட்டிப்போட்டு அனுப்பினாங்க" என்பார் இன்னொருவர். மூன்றாமவர் பேச்சை மாற்றிவிடுவார். நான் முதல் ஆள் கட்சியும் இல்லை, இரண்டாம் ஆள் கட்சியும் இல்லை. யூனிஃபார்ம் போட்டதற்கு வருத்தமில்லை. ஆனால் கொள்கையை மாற்றுகிறவர்களுக்கு ஒரு கையெழுத்தோடு முடிந்துவிடுகிறது, முதல் நாள் போட்ட கொள்கையைச் சுமந்துகொண்டு சாவடியில் நிற்கிறவனுக்கு விஷயம் கடைசியில்தான் தெரியவருகிறது. சுமார் 1,200 பேர் திரும்பி வரவில்லை. அவர்களுக்காகக் கொழும்பு அருகே பத்தரமுல்லையில் இலங்கை அரசே நினைவிடம் கட்டியிருக்கிறது. புலிகள் தோற்ற பிறகு திறந்தது அது.

பலாலி இப்போது சர்வதேச விமான நிலையம். 2019இல் திறந்தார்கள். சென்னையிலிருந்து ஒன்றரை மணி நேரம்கூட ஆகாதாம். டிக்கெட் விலை விசாரித்து வைத்திருக்கிறேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.