கேள்வி பதில்: எட்மண்டன் வீட்டு வாசலுக்கு எந்தப் பனி மெஷின்?

அடுத்த கேள்வியை ஓர் அக்கா அனுப்பியிருக்கிறார். மகன் கனடாவில், எட்மண்டனில் வீடு வாங்கியிருக்கிறாராம். இரண்டு கார் நிற்கும் வாசல், பாதி தார், பாதி சரளைக்கல். “கடைக்காரர் ஹார்ஸ் பவர் கூடிய ஸ்னோ புளோவராக, அதாவது பனியை வாரி வீசும் மெஷினாகப் பார்த்து வாங்கச் சொல்கிறார், வாங்கலாமா தம்பி?” என்று கேட்கிறார். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் வேர்த்து வழிய உட்கார்ந்துகொண்டு இவன் பனியைப் பற்றிப் பேசுகிறானே என்று சிரிக்காதீர்கள். அந்த மெஷினிலும் இருப்பது நான் தினமும் கழற்றி மாட்டுகிற மாதிரிச் சின்ன இன்ஜின்தான்.

அக்கா, ஹார்ஸ் பவர் அப்புறம். முதலில் தரையைப் பார்க்கச் சொல்லுங்கள். சிங்கிள் ஸ்டேஜ் மெஷினில் முன்னால் சுழலும் ஆகர் என்ற திருகு தரையை உரசிக்கொண்டே பனியை வாரி, அதுவே வெளியே வீசும். தார்த் தரைக்கு அருமை. சரளையில் ஓட்டினால் கல்லும் சேர்ந்து பறக்கும். புல் வெட்டும் மெஷின் தெறிக்கவிட்ட கல்லில் கார் கண்ணாடி போன கதை நம் தாமான் குடியிருப்பில் எல்லோருக்கும் தெரியும். டூ ஸ்டேஜில் ஆகர் வாரி உள்ளே தள்ள, பின்னால் இருக்கும் விசிறி தூக்கி வீசும். ஆகர் தரையைத் தொடாது. பக்கத்தில் இருக்கும் இரும்புச் சறுக்குகளைச் சரிசெய்து இன்னும் கொஞ்சம் உயர்த்தியும் வைக்கலாம். உங்கள் மகனுக்கு இதுதான். 24 அங்குல அகலம் போதும்.

இன்னொரு காரணமும் உண்டு. தெருவைச் சுத்தம் செய்யும் வண்டி போகும்போது வாசல் முனையில் பனியை வரப்புபோல ஒதுக்கிவிட்டுப் போகும். புதுப்பனி கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோதான் இருக்கும்; இறுகிவிட்டால் அதைவிடப் பல மடங்கு. சிங்கிள் ஸ்டேஜ் அங்கே திணறும். டூ ஸ்டேஜிலும் கட்டி சிக்கினால் ஆகரில் இருக்கும் ஷியர் பின் என்ற சின்ன ஆணி உடையும். உடையட்டும், கியர்பாக்ஸைக் காப்பாற்றத்தான் அதை வைத்திருக்கிறார்கள். கையில் கிடைத்த போல்ட்டைப் போட்டு முடுக்கினால் அடுத்த முறை போவது கியர்பாக்ஸ். அசல் பின் நாலைந்து வாங்கி வைக்கட்டும்.

கடை பார்க்கிங்கையும் காசுக்குச் செய்யலாமா என்று மகன் யோசிக்கிறாராம். அதற்குக் கையால் தள்ளும் மெஷின் கட்டுப்படியாகாது, பிக்கப் முன்னால் மாட்டும் பிளேடு வேண்டும். தள்ளிய பனியைக் குவிக்க ஒரு மூலை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மிச்சப் பனியை உருக்கத் தூவும் சாதாரண உப்பு மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே அவ்வளவாக வேலை செய்யாது, கால்சியம் குளோரைடு தாங்கும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். பனி அடைத்துக்கொண்டால் கையை உள்ளே விடக்கூடாது. இன்ஜினை அணைத்த பிறகும் பெல்ட் இழுவையில் விசிறி சட்டென்று சுற்றலாம், விரல் போய்விடும். குச்சியால் குத்தி எடுக்கட்டும்.

வாங்குவதற்கு முன் மாடல் நம்பரை அனுப்பச் சொல்லுங்கள், பார்க்கிறேன். சரி, அடுத்தது ஜெனரேட்டர் கேள்வி.