பிளட் தின்னர்: எதில் பக்கவிளைவு குறைவு?

வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு கேள்வியைத்தான் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அவசரமாகச் சொல்லிவிட்டுப் போகிற விஷயம் இல்லை இது. ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "அப்பாவுக்கு 71 வயது. இதயத் துடிப்பு சீராக இல்லை, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்கிறார்கள். வால்வில் கோளாறு இல்லை. வார்ஃபரினா, புதிய மாத்திரையா, வீட்டில் பேசிவிட்டு வாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மருந்துப் பெட்டிக்குள் இருந்த சீட்டைப் படித்ததிலிருந்து பயமாக இருக்கிறது. எதில் பக்கவிளைவு குறைவு? அடுத்த மாதம் அப்பாவுக்கு ஒரு பல் பிடுங்க வேண்டும். அதற்கு மாத்திரையை நிறுத்தலாமா?"

அந்தச் சீட்டைப் படித்தால் யாருக்கும் பயம் வரும் அம்மா. ஈறில் ரத்தம் கசிவதும் மூளைக்குள் ரத்தம் கசிவதும் அதில் ஒரே அளவு எழுத்தில் அடுத்தடுத்து இருக்கும். அதை எண்ணிப் பார்த்து எதில் குறைவு என்று முடிவு செய்ய முடியாது. எங்கே கசியும், கசிந்தால் மீண்டு வர முடியுமா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் மாத்திரையே வேண்டாம் என்றால் என்ன ஆகும் என்று பாருங்கள். இந்த நோயில் இதயத்தின் மேல் அறை ஒழுங்காகச் சுருங்காமல் படபடவென்று நடுங்கிக்கொண்டே இருக்கும். ரத்தம் அங்கே தேங்கிக் கட்டியாகும். அந்தக் கட்டி கிளம்பி மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்த நோய் இல்லாதவர்களைவிட ஏறக்குறைய 5 மடங்கு அதிக ஆபத்து. ரத்தம் வருமே என்ற பயத்தை இதற்கு எதிரில் வைத்துத்தான் எடைபோட வேண்டும். இன்னொன்று, பிளட் தின்னர் என்ற பெயரைக் கேட்டு ரத்தம் தண்ணீராகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஆகாது. உறைவதற்கு நேரம் கூடுதலாக எடுக்கும், அவ்வளவுதான்.

சரி, வார்ஃபரின். 1954 முதல் மனிதர்களுக்குக் கொடுக்கப்படும் பழைய மருந்து. வைட்டமின் கே வேலை செய்யவிடாமல் தடுத்து ரத்தம் உறைவதைக் குறைக்கிறது. அதனால் கீரையை ஒரு வாரம் நிறையச் சாப்பிட்டு மறுவாரம் விட்டுவிட்டால் மருந்தின் வேகம் ஏறி இறங்கும். ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனையில் அளவு 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்க வேண்டும். குறைந்தால் கட்டி, கூடினால் கசிவு.

என்னிடம் வந்த ஒரு பெரியம்மாவைச் சொல்கிறேன். மாதக்கணக்கில் ஐ.என்.ஆர். 2.4, 2.5 என்று அழகாக நின்றது. ஒருநாள் முழங்கை வரை நீலநீலமாகக் கன்றிப்போன கைகளோடு வந்தார். எங்கும் இடித்துக்கொள்ளவில்லை என்றார். பரிசோதித்தால் 6-ஐத் தாண்டியிருந்தது. "புதிதாக என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டால் ஒன்றுமில்லை என்கிறார். மகள் பையைக் கவிழ்த்தபோது பாதி காலியான ஒரு மெட்ரோனிடசோல் அட்டை விழுந்தது. வயிற்றுப்போக்குக்கு ஐந்து நாள் சாப்பிட்டிருக்கிறார். அந்த ஒரு மாத்திரை போதும், வார்ஃபரினை உடம்பில் தேங்க வைத்துவிடும். நல்ல வேளை, தோலோடு போனது.

புதிய மாத்திரைகளில் இந்தத் தொல்லை குறைவு. டாபிகாட்ரான், ரிவராக்சபான், அபிக்சபான், இடாக்சபான் என்று நான்கு. ஐ.என்.ஆர். பார்க்க வேண்டாம், கீரைக் கணக்கும் வேண்டாம். ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது வேறு: மூளைக்குள் கசிவது வார்ஃபரினைவிட ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. வயிற்றில் கசிந்தால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். மூளையில் கசிந்தால் போன பேச்சும் நடையும் பலருக்குத் திரும்புவதில்லை.

நான்கும் ஒன்று என்று நினைக்க வேண்டாம். டாபிகாட்ரானில் நெஞ்செரிச்சல், வயிற்று உபாதை அதிகம். அதில் 80 சதவீதம் சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது, ஆகவே சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தத்தில் கூடுதலாக இருப்பவருக்கு அது சரிப்படாது. முழு அளவு டாபிகாட்ரானிலும் ரிவராக்சபானிலும் வயிறு, குடல் கசிவு வார்ஃபரினைவிடக் கூடுதல். ரிவராக்சபானை இந்த நோய்க்குச் சாப்பாட்டோடுதான் போட வேண்டும், வெறும் வயிற்றில் போட்டால் உடம்பில் சரியாகச் சேராது. அபிக்சபான் சிறுநீரகத்தை நம்பியிருப்பது கால் பங்கு அளவுக்குத்தான். 2011-இல் வந்த அரிஸ்டாட்டில் ஆய்வில், 18,000-க்கும் மேற்பட்டவர்களிடம், வார்ஃபரினைவிடப் பெரிய ரத்தக்கசிவு 31 சதவீதம் குறைந்தது, பக்கவாதமும் குறைந்தது. தினம் இரண்டு வேளை போட வேண்டும் என்பதுதான் அதில் சிரமம். மாலை மாத்திரையை மறப்பவர் என்றால் அதுவும் ஆபத்துதான், பாதுகாப்பு சீக்கிரம் போய்விடும்.

உலோக வால்வு வைத்தவர்கள், ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு நன்றாகச் சுருங்கியவர்கள் இதைக் கேட்டுவிட்டு மாற்றிவிடாதீர்கள். உங்களுக்கு வார்ஃபரின்தான்.

உங்கள் அப்பாவுக்குக் கிரியேட்டினினும் கல்லீரலும் நன்றாக இருந்து, இரண்டு வேளை மறக்காமல் கொடுக்க வீட்டில் ஆள் இருந்தால், அபிக்சபான் பற்றி டாக்டரிடம் கேளுங்கள் என்பேன். எதை எடுத்தாலும் மூட்டுவலிக்குக் கடையில் தானாக வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் கூடவே கூடாது. மலம் தார் மாதிரி கறுத்தாலோ, தலையில் அடிபட்டாலோ, வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அப்புறம் அந்தப் பல். ஒரு பல்லுக்காகப் பெரும்பாலும் நிறுத்த வேண்டியிருக்காது. பஞ்சு வைத்து அழுத்தி, தேவைப்பட்டால் ஒரு தையல் போட்டாலே நின்றுவிடும். நீங்களாக நிறுத்தாதீர்கள், அந்த இடைவெளியில்தான் கட்டி உருவாகும். மாத்திரையின் பெயரைப் பல் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். காலையில் நேரம் கேளுங்கள், கசிவு நிற்காவிட்டால் அன்றைக்கே திரும்பப் போய்க் காட்டிவிடலாம்.