சாமி விஷயத்தில் கேள்வி கேட்கலாமா?

நேயர்களுக்கு வணக்கம்.

மத நம்பிக்கைகளையும் சடங்குகளையும் வெளிப்படையாக விமர்சிக்க நாம் ஏன் தயங்குகிறோம் என்பது பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் சாமி கும்பிடுகிறவள். ஆடி மாதம் எங்கள் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினால் பாத்திரத்தோடு போய் வரிசையில் நிற்பேன். மதத்தைக் கேள்வி கேட்பது கடவுள் இல்லை என்பவர்களின் வேலை என்று நாம் ஒதுக்கி வைத்திருக்கிறோமே, அது தப்பு. ஒரு வழக்கம் யாரை வருத்துகிறதோ, அவர் பெரும்பாலும் அந்த மதத்துக்குள்ளேதான் இருக்கிறார். அவர் வாயைத்தான் முதலில் அடைக்கிறோம்.

இதே சென்னையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1927இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, சிறுமிகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டித் தேவதாசிகளாக்கி விடும் வழக்கத்தைச் சட்டம் போட்டு நிறுத்த வேண்டும் என்று மாகாணச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது என்று இன்று நமக்குத் தோன்றும். அன்று அப்படி இல்லை. தொன்றுதொட்டு வந்த தெய்வ கைங்கரியத்தில் கை வைக்காதே என்றார்கள். எதிர்த்தவர்களில் நன்றாகப் படித்தவர்களும் உண்டு, நாட்டு விடுதலைக்குப் பாடுபட்டவர்களும் உண்டு. முத்துலட்சுமியின் தாயார் சந்திரம்மாள் அந்த மரபில் வந்தவர். ஊர் ஊராகப் போய் இதை எதிர்த்துப் பேசிய மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் அந்த வாழ்க்கையை உள்ளிருந்து பார்த்தவர். கடைசியில் பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் எப்போது வந்தது தெரியுமா? 1947இல். நடுவில் இருபது வருஷம். மனம் புண்படும், மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் தள்ளிப்போட்ட அந்த வருஷங்களில் பொட்டுக்கட்டப்பட்ட பெண் பிள்ளைகளின் மனம் புண்பட்டது பற்றி எத்தனை பேர் கவலைப்பட்டார்கள்?

அதற்கும் முன்னாலேயே, 1880களில், இங்கே சென்னை இலௌகிக சங்கம் என்று பகுத்தறிவாளர்களின் அமைப்பு ஒன்று இருந்தது. ‘தத்துவ விவேசினி’ என்ற தமிழ்ப் பத்திரிகை நடத்தினார்கள். சடங்கையும் சாதியையும் வெளிப்படையாகவே கேள்வி கேட்டு எழுதினார்கள். பெரியார் பேச ஆரம்பிப்பதற்குப் பல வருஷம் முந்திய கதை இது. மத விமர்சனம் யாரோ வெளியூரிலிருந்து கொண்டுவந்து இறக்கிய சரக்கு என்று சொல்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

சரி, இன்றைக்கு வருவோம். ஒலிபெருக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். திருவிழா என்றால் தெருமுனையில் குழாய் கட்டிவிடுகிறார்கள். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கும் வீடு, இதய ஆபரேஷன் முடிந்து வந்த பெரியவர் படுத்திருக்கும் வீடு, எல்லாம் அந்தத் தெருவில்தான். கொஞ்சம் சத்தத்தைக் குறைக்கச் சொல்லிப் போய்க் கேட்க யாருக்காவது துணிச்சல் வருகிறதா? கேட்டால் அடுத்த நொடி வருகிற கேள்வி, “நீங்க எந்த மதம்?” என்பதுதான். கேட்டவர் அதே மதம் என்றால் இன்னும் மோசம், சாமி குத்தம் ஆகிவிடும் என்பார்கள்.

இந்தப் பிரச்சினை நம் மாதவரம் நெடுஞ்சாலைப் பக்கத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அங்கே ஒரு குடியிருப்பில், கிறிஸ்தவ சபை ஒன்றின் ஜெபக் கூட்டத்தில் ஒலிபெருக்கியும் டிரம்ஸும் தொந்தரவாக இருக்கிறது என்று குடியிருப்போர் வழக்குப் போட்டார்கள். சிறுபான்மை மதம் என்பதால் எங்களை முடக்கப் பார்க்கிறார்கள் என்று சபை வாதாடியது. 2000ஆம் ஆண்டு ஆகஸ்ட் 30 அன்று தீர்ப்பு வந்தது. மற்றவர் நிம்மதியைக் கெடுத்துத்தான் பிரார்த்தனை செய்ய வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்றது நீதிமன்றம். கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் சேர்த்துத்தான் அது. அதே 2000இல் வந்த ஒலி விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் சத்தம் பகலில் 55 டெசிபலைத் தாண்டக்கூடாது, இரவில் 45ஐ. இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணிவரை வெளியே ஒலிபெருக்கி கூடாது. திருவிழா நாட்களுக்கு மாநில அரசு நள்ளிரவுவரை விலக்குத் தரலாம், அதுவும் வருஷத்தில் பதினைந்து நாளுக்கு மேல் போகக்கூடாது. இவ்வளவு தெளிவாக விதி இருந்தும் நாம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுக்கிறோம்.

சட்டம் பிடித்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 295ஏ என்ற பிரிவு 1927இல் சேர்க்கப்பட்டது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக இப்போது இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 299ஆம் பிரிவு. மூன்று வருஷம்வரை சிறை உண்டு. ஆனால் வேண்டுமென்றே, கெட்ட எண்ணத்தோடு ஒரு மதத்தை இழிவுபடுத்துவதற்குத்தான் அது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 1957லேயே சொல்லிவிட்டது. ஒரு வழக்கம் நியாயமா என்று கேட்பது அதில் வராது. ஆனாலும் புகார், விசாரணை, வாய்தா என்று அலைய வைப்பதே ஒருவரை மௌனமாக்கப் போதும் என்பதும் உண்மைதான்.

வழக்கோடு நின்றால்கூடப் பரவாயில்லை. 2017 மார்ச்சில் கோவையில், கடவுள் மறுப்பு பேசியதற்காக முப்பத்தொரு வயது இளைஞர் ஒருவரை வெட்டிக் கொன்றார்கள். இரண்டு பிள்ளைகளின் தகப்பன். முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து, தன் மதத்தைத்தான் அவர் கேள்வி கேட்டார். மகன் இருந்த இயக்கத்தில் தானும் சேரப்போவதாக அவருடைய தந்தை சொன்னதைப் பத்திரிகையில் படித்துவிட்டு நான் வெகுநேரம் வேறு வேலை பார்க்க முடியாமல் இருந்தேன்.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். அடுத்தவர் மதத்தைக் கிண்டல் செய்வதற்கு நம் ஊரில் தடையே இல்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் தினமும் நடக்கிறது, யாரும் அதட்டுவதில்லை. அதில் துணிச்சலும் இல்லை, யாருக்கும் பயனும் இல்லை. நான் கேட்பது தன் வீட்டுச் சாமி அறையைப் பார்த்துக் கேட்கிற கேள்வியை.

கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். மாதவிலக்கு நாட்களில் வீட்டில் எப்படி என்று மாணவிகளிடம் ஒருமுறை பேச்சு வந்தது. பூஜை அறைப் பக்கம் போகக்கூடாது, ஊறுகாயைத் தொடக்கூடாது, தனித் தட்டு, தனிப் பாய், இன்னமும் இருக்கிறது. ஆனால் பல பெண்கள் வேறு மாதிரி சொன்னார்கள். “எங்க வீட்டுல அம்மா அதெல்லாம் விட்டுட்டாங்க மேடம். ஆனா பாட்டி வந்தா மட்டும் தள்ளி உட்காரச் சொல்லுவாங்க.” நான் யோசித்துப் பார்த்தேன். வழக்கத்தை விட்டுவிட்டார்கள், விட்டதைச் சொல்ல மட்டும் முடியவில்லை. வெளியே சொல்லாததால், அடுத்த வீட்டு அம்மா ஊரெல்லாம் கடைப்பிடிக்கிறது என்று நினைத்துத் தன் மகளைத் தனியே உட்கார வைக்கிறார்.

இந்த நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டிருக்கிற அம்மாக்களே, நீங்கள் விட்டிருந்தால் அதை வெளியே சொல்லுங்கள். மாமியாரிடம் மரியாதையாகவே சொல்லலாம். அடுத்த விசேஷத்தில் பெண்கள் கூடி உட்காரும்போது, “எங்க வீட்டுல இதை விட்டு நாளாச்சு” என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிப் பாருங்கள். அந்தக் கூட்டத்திலேயே இன்னும் இரண்டு பேர், “எங்க வீட்டுலயும்தான்” என்று சொல்ல வாய்ப்பு இருக்கிறது.

வணக்கம்.