பிள்ளைத் துப்பாக்கியும் வான்கோழி வேட்டையும்

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவில் வசந்தம் வந்துவிட்டால் காட்டு வான்கோழி வேட்டைக் காலம். புதிதாக இறங்குபவர்கள் முதலில் கேட்பது செலவைப் பற்றித்தான். பிள்ளைக்கென்று வாங்கி, பிள்ளை வளர்ந்ததும் பூட்டியே கிடக்கும் 20 கேஜ் ஷாட்கன், அதாவது ஒரே தோட்டாவில் பல ரவைகளைச் சிதறவிடும் சிறிய குழல் துப்பாக்கி, வீட்டில் இருக்கிறதா? அதுவே போதும்.

சின்னது என்று ஒதுக்க வேண்டாம். வான்கோழிக்காக நாம் மரத்தில் சாய்ந்து, முழங்காலை மடக்கி, அதன்மேல் துப்பாக்கியை வைத்துக்கொண்டு அசையாமல் காத்திருக்கிறோம். புதருக்குள் குட்டைக் குழல் வசதி. தோளில் முட்டும் கட்டை ரொம்பக் குட்டையாகத் தெரிந்தால் ரப்பர் உறை ஒன்று மாட்டினால் சரியாகிவிடும். எடை குறைந்த துப்பாக்கி தோளில் பலமாக உதைக்கும்; அதற்கும் அந்த ரப்பர் உதவும்.

அடுத்தது தோட்டா. குழலின் மேல் இரண்டே முக்கால் அங்குலமா, மூன்று அங்குலமா என்று பொறித்திருக்கும். அதைவிட நீளமான தோட்டாவைப் போடவே கூடாது. இப்போது டங்ஸ்டன் ரவை வந்திருக்கிறது. ஈயத்தைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் அடர்த்தி. அதனால் பொடி ரவையே தூரத்தில் வலுவாகப் பாய்கிறது. ரவையின் எண் கூடக் கூட அது பொடியாகும். ஐந்தாம் எண் ஈய ரவை ஒரு அவுன்சுக்குச் சுமார் 170தான். ஒன்பதாம் எண் டங்ஸ்டனில் 350க்கு மேல். 20 கேஜ் இன்று பெரிய துப்பாக்கிக்கு ஈடுகொடுப்பது இதனால்தான். விலைதான் அதிகம்.

சரி, நான் எப்போதும் வற்புறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். தாளில் சுட்டுப் பாருங்கள். குறி வைப்பது உடம்புக்கு அல்ல, தலைக்கும் கழுத்துக்கும். ரவைகள் நெருக்கமாகப் போக, குழல் வாயில் சோக் என்ற குறுகலான திருகுக் குழாய் மாட்டுகிறோம். எது நல்லது என்று கடைக்காரர் சொல்ல முடியாது, தாள்தான் சொல்லும். என் நண்பர் ஒருவர் விலை கூடிய சோக் வாங்கி வந்தார். பெரிய பழுப்புத் தாளை விரித்து, துப்பாக்கியோடு வந்த பழைய சோக், புதிய சோக் இரண்டையும் மாற்றி மாட்டி 40 கஜத்தில் சுட்டோம். ரவை நெருக்கமாக விழுந்த இடத்தில் பத்து அங்குல வட்டம் போட்டு, துளைகளைப் பேனாவால் புள்ளி வைத்து எண்ணினோம். வட்டத்துக்குள் நூறு துளை இருந்தால் நல்லது என்பது வேட்டைக்காரர்கள் கணக்கு. பழைய சோக் நூறைத் தாண்டியது, புதியது தாண்டவில்லை! அதே தோட்டா, அதே குழல். இன்னொரு துப்பாக்கியில் இது தலைகீழாகவும் வரலாம். அதனால்தான் சொல்கிறேன், உங்கள் துப்பாக்கியை உங்கள் தோட்டாவோடு தாளில் சுட்டுப் பாருங்கள். டங்ஸ்டன் போடுவதற்கு முன் அந்தச் சோக் அதற்கு ஏற்றதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எண்ணிக்கை மட்டும் போதாது, வட்டம் எங்கே விழுகிறது என்பதும் முக்கியம். குறிபார்க்கக் குழல் நுனியில் சின்ன உருண்டை மணி மட்டும் இருந்தால், கன்னம் கட்டையிலிருந்து சற்றே எழும்பினாலும் குண்டு மேலே போய்விடும். நெருக்கமான ரவை என்பதால் பறவை முழுசாகத் தப்பும். சிவப்புப் புள்ளி காட்டும் சின்னக் குறிக்கருவி ஒன்று பொருத்தினால் இந்தக் குறை தீரும். காசு செலவழிப்பதாக இருந்தால் இதில் செலவழியுங்கள். அதைச் சரிசெய்யும்போது மலிவான தோட்டாவைக் கிட்டத்தில் சுட்டு முடித்துவிட்டு, விலை கூடியதைக் கடைசியில் தாளில் ஓரிரு முறை சுட்டால் போதும்.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். மினுமினுப்பை மறைக்கப் பச்சை நாடா சுற்றுவதைப் பற்றிச் சொல்ல நினைத்தேன், போகட்டும். பாதுகாப்பு மட்டும் சொல்லிவிடுகிறேன். குழலை அறுத்துக் குட்டையாக்க வேண்டாம். 18 அங்குலத்துக்குக் கீழே போனால் மத்தியச் சட்டம் குறுக்கே வரும். வான்கோழிச் சேவலின் தலை சிவப்பு, வெள்ளை, நீலம். அந்த நிறங்களில் கைக்குட்டைகூட வேண்டாம். அப்புறம், சேவல் கூவும் சத்தத்தை நோக்கிப் பதுங்கிப் போகாதீர்கள். அங்கே சேவல்போலக் கூவுவது இன்னொரு வேட்டைக்காரராக இருக்கலாம். நன்றி, வணக்கம்.