அரிசோனாவைப் புறக்கணித்தவர்களும், அவர்களைப் புறக்கணித்தவர்களும்

வணக்கம் நேயர்களே. 2010-ஆம் வருடம் அமெரிக்காவில் ஒரு குளிர்பான நிறுவனத்துக்கு வந்த சோதனையைச் சொல்லி ஆரம்பிக்கிறேன். அரிசோனா ஐஸ் டீ என்று ஒரு பானம், உயரமான டப்பா, விலை 99 சென்ட், அதை டப்பாவின் மேலேயே அச்சடித்திருப்பார்கள். அந்தச் சமயம் அரிசோனா மாநிலத்தின் மேல் கடுங்கோபத்தில் இருந்த சிலர் இணையத்தில், இனிமேல் இந்த டீயைத் தொட மாட்டோம் என்று கிளம்பிவிட்டார்கள். அந்த நிறுவனம் பிறந்ததோ நியூயார்க்கில், புரூக்ளினில். அரிசோனா பாலைவனத்துக்கும் அந்த டீக்கும் பெயர்ப் பொருத்தம் தவிர வேறு எந்தப் பொருத்தமும் கிடையாது. கடைசியில், நாங்கள் நியூயார்க்காரர்கள் ஐயா, எங்களை விட்டுவிடுங்கள் என்று அவர்களே அறிக்கை விட வேண்டியதாயிற்று.

கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் பொருளாதாரப் புறக்கணிப்பு என்ற ஆயுதத்தைக் கையில் எடுக்கிற எல்லாருக்கும் இந்தச் சிக்கல் உண்டு. யாரை நினைத்து வீசுகிறோம், அது யார் தலையில் போய் விழுகிறது என்பது வேறு வேறு விஷயம்.

கோபத்துக்குக் காரணம் எஸ்.பி. 1070, அதாவது செனட் மசோதா 1070 என்ற சட்டம். 2010 ஏப்ரல் 23-ஆம் தேதி ஆளுநர் ஜேன் புரூவர் கையெழுத்துப் போட்டார். அங்கே ஆளுநர் என்றால் டெல்லியிலிருந்து அனுப்பி வைக்கப்படுகிறவர் இல்லை, தேர்தலில் நின்று ஜெயிப்பவர், நம் முதலமைச்சர் மாதிரி. மசோதாவைக் கொண்டுவந்தவர் ரசல் பியர்ஸ் என்ற மாநில செனட்டர். சட்டம் சொன்னது இதுதான்: வேறு ஏதாவது காரணத்துக்காகப் போலீஸ் ஒருவரை நிறுத்தும்போது, இவர் அனுமதியில்லாமல் நாட்டுக்குள் வந்தவராக இருக்கலாம் என்று நியாயமான சந்தேகம் வந்தால், அவருடைய குடியேற்ற நிலையை விசாரிக்க வேண்டும். பதிவு ஆவணம் கையில் இல்லாமல் இருப்பது மாநிலக் குற்றம். அனுமதி இல்லாதவர் வேலை தேடுவதும் குற்றம். நியாயமான சந்தேகம் என்றால் என்ன, தோலின் நிறமா, பேசும் மொழியா, ஓட்டுகிற வண்டியா? சண்டையே அங்கேதான் மூண்டது. மாநிலத்தில் ஏறக்குறைய பத்தில் மூன்று பேர் லத்தீன் அமெரிக்க வம்சாவளி. அவர்களில் பலருக்கு அது பாட்டன் பூட்டன் காலத்து ஊர், அமெரிக்கா வந்து சேர்வதற்கு முன்பிருந்தே அங்கே இருப்பவர்கள். மெக்சிகோக்காரர்கள் மட்டும்தான் கவலைப்பட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். பீனிக்ஸ் பக்கத்தில் சாண்ட்லரில் இன்டெல் தொழிற்சாலை இருக்கிறது, அதைச் சுற்றி நம் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. வெளிநாட்டவர் பதிவு ஆவணத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது மத்திய சட்டத்தில் பல காலமாக இருப்பதுதான், யாரும் சட்டை செய்ததில்லை. அந்த வருடம் அது பயமாக மாறியது.

சட்டம் கையெழுத்தான சூட்டோடு புறக்கணிப்பு ஆரம்பித்தது. இதில் வேடிக்கை, அரிசோனாவுக்கு மாநாடு நடத்த வராதீர்கள் என்று முதலில் குரல் கொடுத்தவர்களில் ஒருவர் அந்த மாநிலத்திலிருந்து அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்வானவரே, டூசான் நகரைச் சேர்ந்த ராவுல் கிரிஹால்வா. சொந்த ஊர்க் கடையில் வாங்காதே என்று சொந்த ஊர்க்காரரே சொல்வது லேசான காரியமில்லை. அவர் அலுவலகத்துக்கு மிரட்டல் வந்தது. வழக்கமாகச் சுலபமாக ஜெயிப்பவர் அந்த நவம்பரில் மூச்சு வாங்கித்தான் கரையேறினார். ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா என்ற கறுப்பின மாணவர் சங்கம், மார்ட்டின் லூதர் கிங் உறுப்பினராக இருந்த சங்கம், பீனிக்ஸில் நடக்க இருந்த மாநாட்டை லாஸ் வேகஸுக்கு மாற்றியது. குடியேற்ற வழக்கறிஞர் சங்கமும் ஸ்காட்ஸ்டேலிலிருந்து விலகியது. சான் பிரான்சிஸ்கோ, ஓக்லண்ட், பாஸ்டன், ஆஸ்டின் என்று ஒவ்வொரு நகரமன்றமாகத் தீர்மானம் போட்டது. இசைக்கலைஞர்கள் கச்சேரி செய்ய மாட்டோம் என்றார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய கை லாஸ் ஏஞ்சலஸ். மே 12-ஆம் தேதி நகரமன்றத்தில் 13-க்கு 1 என்ற வாக்கில் தீர்மானம் நிறைவேறியது: அரசு வேலையாக அரிசோனாவுக்குப் பயணம் கிடையாது, அங்குள்ள நிறுவனங்களோடு புது ஒப்பந்தம் கிடையாது. அடுத்த வாரமே எதிர்வெடி வந்தது. அரிசோனாவில் மின்சாரம், தண்ணீர் விவகாரங்களைக் கவனிக்கிற ஒழுங்குமுறை ஆணையம் ஒன்று உண்டு. அதன் உறுப்பினர்களில் ஒருவரான கேரி பியர்ஸ், லாஸ் ஏஞ்சலஸ் மேயர் வியாரைகோசாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். (சட்டம் கொண்டுவந்த பியர்ஸ் வேறு, இவர் வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள்.) உங்கள் ஊர் மின்சாரத்தில் கால் பங்கு எங்கள் மாநிலத்து மின்நிலையங்களிலிருந்து வருகிறது, எங்களைப் புறக்கணிப்பதாக இருந்தால் அதையும் சேர்த்துப் புறக்கணியுங்கள், ஒப்பந்தத்தை மாற்றி எழுதும்படி எங்கள் மின் நிறுவனங்களிடம் நானே சொல்லித் தருகிறேன், விளக்கை அணைக்கிற துணிச்சல் இல்லையென்றால் எங்கள் பொருளாதாரத்தின் மேல் கை வைப்பதை மறுபடி யோசியுங்கள் என்கிற ரீதியில் போகிறது கடிதம். சட்டத்தை ஆதரித்தவர்களுக்குக் கொண்டாட்டம். ஒரு சரியான பதிலடி என்று நாடு முழுக்கப் பேசினார்கள்.

கடிதம் படிக்க நன்றாகத்தான் இருந்தது, ஆனால் உள்ளே ஒன்றுமில்லை. ஏனென்றால் அந்த மின்நிலையங்களில் லாஸ் ஏஞ்சலஸே பங்குதாரர். பேஜ் என்ற ஊருக்குப் பக்கத்தில் இருந்த நவஹோ அனல்மின் நிலையத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று மேலே அந்த நகரத்து மின் துறைக்கு அப்போது சொந்தமாக இருந்தது. பாலோ வெர்டே அணுமின் நிலையத்திலும் ஒரு பங்கு உண்டு. தன் சொந்த மின்சாரத்தைத் தன் ஊருக்கு எடுத்துப்போகிறவனை ஒரு ஆணையர் கடிதம் போட்டுத் தடுக்க முடியுமா?

சரி, லாஸ் ஏஞ்சலஸாவது சொன்னபடி நடந்ததா என்றால், அதுவும் இல்லை. கணக்கெடுத்துப் பார்த்தபோது அரிசோனா நிறுவனங்களோடு பல கோடி டாலர் ஒப்பந்தம் இருந்தது, ஆனால் சட்டச் சிக்கல் இல்லாமல் ரத்து செய்யக்கூடியது அதில் ஒரு சின்னத் துண்டுதான். அப்புறம் சிவப்பு விளக்கைத் தாண்டும் வண்டிகளைப் படமெடுக்கிற கேமரா ஒப்பந்தம் புதுப்பிக்க வந்தது. அந்தக் கம்பெனி அரிசோனாக்காரர்களுடையது. நகரமன்றம் என்ன செய்தது? விதிவிலக்குக் கொடுத்து நீட்டித்தது. அவசரத் தேவை, பொதுமக்கள் பாதுகாப்பு என்று காரணம் சொல்லலாம், நியாயமும் இருக்கலாம். ஆனால் தனக்கு வலிக்காத இடத்தில் மட்டும் புறக்கணிப்பது ரொம்பச் சௌகரியமான போராட்டம்.

சான் டியேகோ கதை இன்னும் சுவாரஸ்யம். கோடையில் பீனிக்ஸில் வெயில் 43, 44 டிகிரி கொதிக்கும். அந்த ஊர்க்காரர்கள் குடும்பத்தோடு காரில் ஏறி, ஐந்தாறு மணி நேரத்தில் சான் டியேகோ கடற்கரையில் போய் இறங்கிவிடுவார்கள். அரிசோனா என்ற பெயரின் வாலைப் பிடித்து அவர்களுக்கு அங்கே சோனி என்று செல்லப்பெயரே உண்டு. சான் டியேகோ நகரமன்றம் அந்தச் சட்டத்தைக் கண்டித்து ஒரு தீர்மானம் போட்டது. புறக்கணிப்பு என்ற பேச்சே அதில் இல்லை, வெறும் கண்டனம். அவ்வளவுதான், அரிசோனாவிலிருந்து ஓட்டல்களுக்கு மின்னஞ்சலும் தொலைபேசியும் வரத் தொடங்கின: எங்கள் சட்டம் உங்களுக்குப் பிடிக்கவில்லையென்றால் எங்கள் காசும் பிடிக்காது, அறையை ரத்து செய்யுங்கள். சுற்றுலாத் துறைக்காரர்கள் பதறிப்போய், தீர்மானம் அடையாளத்துக்குப் போட்டது, மனதில் வைத்துக்கொள்ளாமல் வந்துவிடுங்கள் என்று கெஞ்சிக் கடிதம் எழுதினார்கள். நகரமன்ற உறுப்பினருக்கு ஒரு தீர்மானத்தால் என்ன நஷ்டம்? அறை சுத்தம் செய்கிறவருக்குத்தான் அந்த வாரச் சம்பளம் குறையும். சான் டியேகோ ஓட்டல்களில் அந்த வேலை பார்ப்பவர்களில் நிறையப் பேர் யார்? மெக்சிகோ வம்சாவளிக்காரர்கள். யாருக்காகத் தீர்மானமோ அவர்கள் வயிற்றிலேயே அடி.

அரிசோனாவுக்குள்ளேயும் இதே நிலைதான். டூசான், ஃபிளாக்ஸ்டாஃப் இரண்டு நகரங்களும் இந்தச் சட்டத்தை எதிர்த்து நீதிமன்றம் போவதென்று முடிவெடுத்தன. டூசான் இருக்கும் பீமா கவுண்டி என்ற மாவட்டத்தின் போலீஸ் தலைவர், ஷெரீப் கிளாரன்ஸ் டுப்னிக், சட்டத்தை வெளிப்படையாகவே திட்டினார். ஆனால் மாநாட்டை ரத்து செய்கிறவர் டூசானா பீனிக்ஸா என்று பார்த்தா ரத்து செய்கிறார்? இலினாய் மாநிலத்தில் ஹைலண்ட் பார்க் பள்ளியின் பெண்கள் கூடைப்பந்து அணி, 26 வருடங்களுக்குப் பிறகு முதல்முறையாகத் தங்கள் வட்டாரப் பட்டத்தை வென்ற அணி, அரிசோனாவில் ஒரு போட்டிக்குப் போக ஆசையாகத் தயாராகிக்கொண்டிருந்தது. பள்ளி நிர்வாகம் வேண்டாமென்று சொல்லிவிட்டது. இதே நிர்வாகம் மாணவர்களைச் சீனாவுக்கு அனுப்பியதே, அப்போது கொள்கை எங்கே போனது என்று பெற்றோர்கள் கேட்டார்கள். கேள்வி நியாயமானது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இன்னொரு பக்கம் சட்டத்தை ஆதரித்தவர்கள், வேண்டுமென்றே அரிசோனாப் பொருளை வாங்குவோம், விடுமுறைக்கு அங்கேயே போவோம் என்று ஓர் எதிர் இயக்கம் நடத்தினார்கள். மே மாதக் கடைசியில் ஒரே சனிக்கிழமை பீனிக்ஸில் சட்டத்தை எதிர்த்துப் பல்லாயிரம் பேர் ஊர்வலம், பக்கத்து டெம்பியில் சட்டத்தை ஆதரித்துக் கூட்டம். சட்டத்தைக் காப்பாற்ற வழக்கு நடத்தும் நிதிக்கு நாடெங்கிலுமிருந்து பணம் வந்தது. ஆனால் ஆயிரம் பேர் வந்து தங்குகிற மாநாட்டுக்கு ஈடாக, ஆதரவாளர் ஒருவர் இரண்டு நாள் வந்துபோவது ஆகுமா?

நஷ்டம் எவ்வளவு என்பதில் சண்டை உண்டு. சென்டர் ஃபார் அமெரிக்கன் பிராக்ரஸ் என்ற இடதுசாரிச் சாய்வுள்ள ஆய்வு அமைப்பு அந்த நவம்பரிலேயே, மாநாட்டுக்கு வருகிறவர்கள் செலவழித்திருக்கக்கூடிய 14.1 கோடி டாலர் போயிற்று என்று கணக்குச் சொன்னது. கணக்கு போட்டவர்கள் சட்டத்துக்கு எதிரானவர்கள் என்பதையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும். அதோடு அரிசோனா அப்போதே படுத்துக் கிடந்த மாநிலம். வீட்டு விலை தரைமட்டம். கஜானாவில் காசில்லாமல் 2010 ஜனவரியில் சட்டமன்றக் கட்டடத்தையே விற்று, அதே கட்டடத்தில் வாடகைக்கு இருந்த அரசாங்கம் அது! இதில் மந்தத்தால் போனது எவ்வளவு, புறக்கணிப்பால் போனது எவ்வளவு என்று பிரித்தெடுப்பது கஷ்டம்.

அப்படியானால் புறக்கணிப்பு வீண் வேலையா? இந்தச் சட்டத்தைப் பொறுத்தவரை ஆமாம் என்றுதான் சொல்வேன். சட்டம் அமலுக்கு வருவதற்கு முதல் நாள், ஜூலை 28 அன்று, அதன் முக்கியமான பிரிவுகளை நிறுத்தி வைத்தது சூசன் போல்டன் என்ற மத்திய நீதிபதி. 2012 ஜூனில் நான்கு பிரிவுகளில் மூன்றை ரத்து செய்தது உச்ச நீதிமன்றம். போலீஸ் குடியேற்ற நிலையை விசாரிக்கும் பிரிவு அப்போதும் தப்பித்தது. கையெழுத்துப் போட்ட புரூவரோ 2010 நவம்பர் தேர்தலில் சுலபமாக ஜெயித்தார். வெளியூர்க்காரன் வந்து மிரட்டினால் உள்ளூரில் ஓட்டு கூடத்தான் செய்யும்.

ஆனால் அடுத்த வருடம் நடந்ததைப் பாருங்கள். ரசல் பியர்ஸ் இப்போது மாநில செனட்டின் தலைவர். அவர் கட்சிக்கு 30-ல் 21 இடம். இந்த பலத்தோடு இன்னும் கடுமையான ஐந்து மசோதாக்கள் வந்தன. ஆவணம் இல்லாத பெற்றோருக்குப் பிறக்கும் குழந்தைக்குக் குடியுரிமை இல்லை, மருத்துவமனையில் நோயாளியின் குடியேற்ற நிலையைச் சோதிக்க வேண்டும், இந்த மாதிரி. 2011 மார்ச்சில் அரிசோனாவின் பெரிய நிறுவனங்களின் தலைவர்கள் 60 பேர் சேர்ந்து அவருக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். போன வருடம் ஒப்பந்தம் ரத்தானது, டெண்டரில் கலந்துகொள்ளவே விடவில்லை, பெயரில் அரிசோனா இருந்த பாவத்துக்காக ஒரு புரூக்ளின் கம்பெனி விளக்கம் கொடுக்க வேண்டி வந்தது என்பது வரை அதில் எழுதியிருந்தார்கள். இனியும் வேண்டாம், இது மத்திய அரசின் வேலை என்றார்கள். சில நாள் கழித்து ஐந்து மசோதாக்களும் ஒரே நாளில் தோற்றன, சொந்தக் கட்சிக்காரர்களின் வாக்கால். நவம்பரில் பியர்ஸையே தொகுதி மக்கள், பதவிக்காலம் முடியும் முன்பே திரும்பப்பெறும் தேர்தல் வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இந்த 60 பேர் எஸ்.பி. 1070 வந்தபோது எங்கே போயிருந்தார்கள் என்று கேட்கலாம். அவர்களில் பெரும்பாலோர் அப்போது வாயைத் திறக்கவில்லை. புறக்கணிப்பு சட்டம் போட்டவரை அசைக்கவில்லை, ஓரமாக நின்று வேடிக்கை பார்த்த பணக்காரரை அசைத்தது. அந்த மாநிலத்துக்கு இது புதிதும் இல்லை. மார்ட்டின் லூதர் கிங் நினைவு நாள் விடுமுறையை 1987-ல் ஆளுநர் ஈவன் மீக்கம் ரத்து செய்தார், 1990-ல் வாக்காளர்களும் அதை நிராகரித்தார்கள். உடனே அமெரிக்கக் கால்பந்து சங்கம் 1993-இன் சூப்பர் பௌல் என்ற இறுதிப் போட்டியை டெம்பியிலிருந்து கலிபோர்னியாவின் பாசடீனாவுக்குத் தூக்கிக்கொண்டு போனது. 1992-ல் வாக்காளர்கள் விடுமுறைக்குச் சம்மதித்தார்கள், 1996-இன் சூப்பர் பௌல் டெம்பிக்கே வந்தது. 2014 பிப்ரவரியில், மதக் காரணம் சொல்லி ஓரினச்சேர்க்கையாளர்களுக்குச் சேவை மறுக்க வழி செய்யும் மசோதா ஒன்று அதே புரூவரின் மேசைக்கு வந்தது. அடுத்த வருடம் சூப்பர் பௌல் கிளெண்டேலில் நடக்க இருந்தது. வணிகச் சங்கங்கள், விமான நிறுவனம், ஆப்பிள் என்று எல்லாரும் வேண்டாம் என்றார்கள். மசோதாவுக்கு ஓட்டுப் போட்ட செனட்டர்களில் மூன்று பேரே ரத்து செய்யச் சொன்னார்கள். ரத்து செய்தார். இந்தத் தடவை எந்த நகரமன்றமும் தீர்மானம் போடத் தேவையே வரவில்லை.

புறக்கணிப்பை நடத்திய முக்கிய லத்தினோ அமைப்புகள் 2011 செப்டம்பரில் அதை முடித்துக்கொண்டன. 2024 நவம்பரில், மெக்சிகோ எல்லையை முறையான வழியில்லாமல் தாண்டுவதை மாநிலக் குற்றமாக்கும் 314-ஆம் எண் முன்மொழிவை அரிசோனா வாக்காளர்கள் பெரிய வித்தியாசத்தில் ஆதரித்தார்கள். டெக்சஸ் மாநிலத்தின் இதே மாதிரியான சட்டம் நீதிமன்றத்தில் தப்பித்தால்தான் அதன் முக்கியப் பகுதி அமலுக்கு வரும் என்று ஒரு நிபந்தனையும் அதிலேயே எழுதியிருந்தது. 2010-ல் போல ஊர் ஊராகப் புறக்கணிப்புத் தீர்மானம் போட்டதை நான் பார்க்கவில்லை, மின்சாரத்தை நிறுத்துவேன் என்று யாரும் கடிதமும் எழுதவில்லை. நன்றி, வணக்கம்.