சட்டப் புத்தகத்தில் கிடந்த அம்மி

(ஸ்காபரோ மாதாந்தக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் ஐயா அவர்களே, இந்தப் பனியிலும் மிசிசாகாவிலிருந்து வண்டியோட்டி வந்து முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்த சட்டத்தரணி அம்மா அவர்களே, மண்டபத்தை வாடகை வாங்காமல் திறந்துவிட்ட ஆலய நிர்வாகத்தினரே, காலையிலிருந்து ஒலிபெருக்கியோடு போராடிய தம்பிமாரே, தங்கைமாரே, எல்லோருக்கும் என் வணக்கம். இரண்டாம் வரிசையில் என் தமிழாசிரியர் இருக்கிறார். ஐந்தாம் வகுப்பில் எனக்கு முதன்முதலாக மேடைப்பேச்சு எழுதித் தந்தவர் அவர். "அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்" என்ற பழமொழியோடுதான் அந்தப் பேச்சு தொடங்கும். ஐயா, அந்த வரியை நான் இன்னும் விடவில்லை. இன்றும் அதைத்தான் கொண்டுவந்திருக்கிறேன்.

தலைவர் எனக்குத் தந்த தலைப்பு "கனடிய அரசியலில் சட்டத்தரணிகள்". இந்த நாட்டுப் பிரதமர்கள் பலர் சட்டம் படித்தவர்கள். அந்தப் பட்டியலை வாசித்தால் இரவு உணவு ஆறிவிடும். ஆகவே ஒரே ஒருவரை எடுத்துக்கொள்கிறேன். லெனார்ட் பிரெய்த்வெயிட். ரொறன்ரோச் சட்டத்தரணி, ஒன்ராறியோ மாகாணச் சட்டமன்றத்தில் இருந்தவர். அவரை மூன்று இடங்களில் வைத்துப் பார்ப்போம்: நீதிமன்றத்தில், சட்டமன்றத்தில், தோல்விக்குப் பிறகு.

1923ஆம் ஆண்டு ரொறன்ரோவில் பிறந்தவர். பெற்றோர் கரீபியத் தீவுகளிலிருந்து வந்த கறுப்பினத்தவர்கள். கென்சிங்டன் சந்தைப் பகுதியில் வளர்ந்தார். இன்று நாம் மீனும் மசாலாவும் வாங்கப் போகும் அதே கென்சிங்டன்தான். இரண்டாம் உலகப் போர் வந்தது. கனடிய விமானப் படையில் சேரப் போனார். உன்னைப் போன்றவர்களை நாங்கள் எடுப்பதில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அவர் திரும்பவும் போனார். திரும்பவும் அனுப்பினார்கள். கடைசியில் ஒரு நாள் மேசைக்குப் பின்னால் வேறோர் அதிகாரி இருந்தார். 1943இல் படையில் சேர்ந்தார், கடல் கடந்து போய் இங்கிலாந்தில் பணிபுரிந்தார். அடி மேல் அடி என்று என் ஆசிரியர் எழுதித் தந்தது இந்த மனிதருக்காகத்தானோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

போர் முடிந்து வந்து ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் வணிகப் பட்டம், ஹார்வர்டில் முதுகலை, பிறகு ஒஸ்குட் ஹோல் சட்டக் கல்லூரி. 1958இல் சட்டத்தரணியானார். அவருடைய நீதிமன்ற வாழ்க்கையைப் பற்றி விரிவாகச் சொல்லத்தான் நினைத்திருந்தேன். ஆனால் என் மனம் 1960இலேயே நிற்கிறது. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

1960இல் அவர், ரொறன்ரோவை ஒட்டிய எற்றோபிக்கோவில், ஊர்ப் பள்ளிகளை நிர்வகிக்கும் கல்விச் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கல்விச் சபை! வாக்குச்சீட்டின் கடைசியில் வரும் பெயர்கள். மேயருக்குப் புள்ளடி போட்டு, நகரசபை உறுப்பினருக்குப் போட்டு, அதன் கீழே யார் என்று தெரியாமல் நாம் வெறுமையாக விட்டுவிட்டு வருகிறோமே, அந்த இடம். இவ்வளவு படித்த மனிதர் அந்தக் கதிரையிலிருந்து தொடங்கினார். 1962இல் எற்றோபிக்கோ நகராட்சி மன்றத்துக்குப் போனார். 1963இல் லிபரல் கட்சி வேட்பாளராக ஒன்ராறியோ சட்டமன்றத்துக்குத் தேர்வானார். கனடாவில் ஒரு மாகாணச் சட்டமன்றத்துக்குத் தேர்வான முதல் கறுப்பினத்தவர் அவர். அந்நாளைய எற்றோபிக்கோவில் வாக்காளர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள். தன் இனத்தவரின் வாக்கை எண்ணி அவர் அங்கே நின்றிருக்க முடியாது. பள்ளிக்கூட விவகாரங்களில் அவரைக் கண்டு பழகிய அயலவர்கள் வாக்களித்தார்கள்.

இங்கே ஒரு கதை சொல்ல வேண்டும். என் சொந்தக் கதை. தலைவர் ஐயா நேரத்தைப் பார்க்க வேண்டாம்.

நான் உயர்நிலைப் பள்ளியில் படித்த காலம். எங்கள் அடுக்குமாடியில் கீழ்த்தளத்தில் நெடுந்தீவு ஆச்சி ஒருவர் இருந்தார். அவருடைய பேரப்பிள்ளைகள் போகும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை நிறுத்தப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. பிள்ளைகளின் எண்ணிக்கை போதாது என்றார்கள். பெரியவர்கள் கூடினார்கள், கதைத்தார்கள், தேநீர் குடித்தார்கள், கலைந்தார்கள். ஆச்சி மட்டும் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, இதை எந்த இடத்தில் முடிவெடுக்கிறார்கள்?" என்று கேட்டார். கல்விச் சபைக் கூட்டத்தில் என்றேன். "யாரும் போகலாமா?" போகலாம் என்றுதான் நினைக்கிறேன் ஆச்சி என்றேன். "அப்படியென்றால் சப்பாத்தைப் போடு" என்றார்.

இரண்டு பஸ் மாறிப் போனோம். ஆச்சி சேலைக்கு மேலே மகனுடைய குளிரங்கி, கையில் தேநீர்க் குடுவை. பார்வையாளர் பகுதியில் ஏராளமான கதிரைகள். நாங்கள் இருவர், பிறகு குறிப்பெடுக்கும் ஒருவர். ஆச்சிக்கு ஆங்கிலம் தெரியாது. நான் காதோரம் மொழிபெயர்த்தேன். பாதி எனக்கே விளங்கவில்லை. பஸ்களின் செலவு, கூரை ஒழுக்கு, ஒரு நீச்சல் குளம். தமிழ் வகுப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. திரும்பி வரும்போது, "இனி வர வேண்டாம், ஆச்சி" என்றேன். அவர் பஸ் யன்னலைப் பார்த்துக்கொண்டே, "அடுத்த கூட்டம் என்றைக்கு?" என்று கேட்டார்.

அடுத்த மாதமும் போனோம். அதற்கடுத்த மாதமும் போனோம். அன்று பனிப்புயல். உறுப்பினர்களே எல்லோரும் வரவில்லை. இடைவேளையில் ஒரு பெண் உறுப்பினர் படியிறங்கி எங்களிடம் வந்தார். இந்த அம்மா ஒவ்வொரு முறையும் வருகிறாரே, அவருக்கு என்ன வேண்டும் என்று என்னிடம் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் ஆச்சி என் முழங்கையைப் பிடித்தார். "தம்பி, நான் சொல்வதை அப்படியே சொல். இவ்வளவு வெளிச்சமான மண்டபத்தில் ஏன் இத்தனை கதிரை வெறுமையாக இருக்கிறது என்று கேள். பிறகு வகுப்பைப் பற்றிச் சொல்." அப்படியே சொன்னேன். அந்த உறுப்பினர் சிரிக்கவில்லை. தாளை எடுத்து எழுதிக்கொண்டார். அந்த வகுப்பை அருகிலிருந்த இன்னொரு பள்ளி வகுப்போடு சேர்த்துத் தொடர்ந்து நடத்தினார்கள். ஆச்சியின் பேத்தி இப்போது அதே சபையின் கீழ் ஆசிரியை. இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார். எழுந்து நிற்க வெட்கப்படுகிறார், விட்டுவிடுவோம்.

அம்மி நகர்ந்தது. அடித்த கைக்கு ஆங்கிலம் தெரியாது.

சரி, பிரெய்த்வெயிட்டிடம் வருகிறேன். 1964 பெப்ரவரி 4ஆம் நாள் அவர் ஒன்ராறியோ சட்டமன்றம் இருக்கும் குயின்ஸ் பார்க்கில் தன் கன்னியுரையை நிகழ்த்தினார். ஒன்ராறியோவின் சட்டப் புத்தகத்தில் கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிக்கூடம் என்ற ஒரு விதி இன்னும் இருக்கிறது, அதை நீக்குங்கள் என்றார். அந்த விதியின் வேர் 1850ஆம் ஆண்டின் பொதுப் பள்ளிச் சட்டத்தில் இருந்தது. எழுத்தில் பார்த்தால், கறுப்பினக் குடும்பத்தலைவர்கள் விண்ணப்பித்தால் தனிப் பள்ளி அமைக்கலாம் என்றுதான் இருக்கும். நடைமுறையில் பல ஊர்களில் அது பூட்டாகிவிட்டது. தனிப் பள்ளி ஒன்று இருந்துவிட்டால் கறுப்பினப் பிள்ளைகள் அங்கேதான் போக வேண்டும் என்று 1854இல் நீதிமன்றமும் சொன்னது.

அந்தப் பூட்டைப் பூட்டியவர்கள் யார்? ஊர்ப் பள்ளிகளின் நிர்வாக உறுப்பினர்கள். அதாவது, இன்றைய கல்விச் சபை உறுப்பினர்களின் முன்னோர்கள். இதை நான் மறைத்துப் பேசினால், கல்விச் சபைக் கதிரை முக்கியம் என்ற என் வாதத்துக்கு வசதிதான். மறைக்க மாட்டேன். அந்தக் கதிரை தீமையும் செய்யக்கூடியது. அதனால்தான் அதில் யார் அமர்கிறார்கள் என்பதைப் பற்றி நான் இவ்வளவு சத்தமிடுகிறேன்.

நூறு ஆண்டுகளுக்கு மேல் கிடந்த அம்மி அது. எத்தனையோ சட்டத்தரணிகள் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் போயிருப்பார்கள். கல்விச் சபையில் இருந்து வந்தவரின் கண் அதில் நின்றது. எதிர்க்கட்சி வரிசையில் புதிதாக வந்த ஒருவருடைய பேச்சு அது. ஆனாலும் சில வாரங்களுக்குள், மார்ச் மாதத்தில், அன்றைய கல்வி அமைச்சர் பில் டேவிஸ் அந்த விதியை நீக்கும் திருத்தத்தை முன்வைத்தார். இது வெறும் தாளில் உறங்கிய விதி என்று எண்ணிவிடாதீர்கள். எசெக்ஸ் மாவட்டத்தின் கொல்செஸ்டரில் இருந்த கடைசித் தனிப் பள்ளி 1965இல்தான் மூடப்பட்டது. நம்மில் சிலர் பிறந்த பிறகு!

சட்டமன்றத்தில் ஏவலர்களாகப் பணிபுரியும் மாணவர்களில் பெண்பிள்ளைகளையும் சேர்க்க வேண்டும் என்று 1966இல் கேட்டார். 1971இல் முதல் பெண்பிள்ளைகள் வந்தார்கள். 1975 தேர்தலில் தோற்றார். தோற்றவர் என்ன செய்தார்? 1982இல் மீண்டும் எற்றோபிக்கோ உள்ளூராட்சிக்கு வந்து ஆறு ஆண்டுகள் இருந்தார். 1999இல், ஒன்ராறியோவின் சட்டத்தரணிகளை ஒழுங்குபடுத்தும் மேல் கனடாச் சட்டச் சங்கத்தின் ஆளுநர் அவையில் அமர்ந்த முதல் கறுப்பினத்தவரானார். 2012இல், 88ஆவது வயதில், காலமானார். தோல்விக்குப் பிந்திய காலத்தை அவசரமாகச் சொல்கிறேன், மன்னிக்க வேண்டும். தலைவர் ஐயாவின் துண்டுச்சீட்டு வந்துவிட்டது.

அவர் ஏறிய படிகளில் நம்மவர்களும் ஏறியிருக்கிறார்கள். யுவனிதா நாதன் யோர்க் பிராந்தியக் கல்விச் சபையில் தொடங்கி, மார்க்கம் நகரசபைக்குப் போய், 2025இல் கனடிய நாடாளுமன்றத்துக்குப் போனார். நீதன் சான் கல்விச் சபையிலிருந்து ரொறன்ரோ நகரசபைக்குப் போனார். லோகன் கணபதி நகரசபையிலிருந்து மாகாணச் சட்டமன்றத்துக்குப் போனார். இவர்கள் எந்தக் கட்சி என்று நான் பார்க்கவில்லை. முதல் படி எங்கே இருந்தது என்று பாருங்கள்.

2025 ஜூனில் மாகாண அரசு ரொறன்ரோ கல்விச் சபை உட்பட நான்கு சபைகளைத் தன் மேற்பார்வையாளர்களின் கையில் கொடுத்தது. நிதி நிர்வாகம் சரியில்லை என்பது அரசு சொன்ன காரணம். கணக்கில் பிழை இருந்தால் கணக்கைத் திருத்தட்டும். மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினரின் அதிகாரத்தை எடுத்துவிட்டால், அடுத்த ஆச்சி யாருக்கு முன்னால் போய் உட்காருவார்? அமைச்சரின் மேசைக்கு இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர முடியுமா? இதற்காகத்தான் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுகிறேன்.

நம் பக்கத்திலும் குற்றம் உண்டு. 2022 ரொறன்ரோ நகரத் தேர்தலில் வாக்குரிமை உள்ளவர்களில் மூன்றில் ஒரு பங்கினர்கூட வாக்களிக்கவில்லை. கதிரைகள் வெறுமையாகக் கிடந்தால் எடுத்துப் போகிறவனுக்கு வசதி.

மண்டபத்தின் பின்பக்கம், செருப்பு வைக்கும் இடத்துக்கு அருகில், ஒரு மேசை போட்டிருக்கிறோம். மாகாணக் கல்வி அமைச்சருக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய விண்ணப்பம் இருக்கிறது. ஆச்சியின் பேத்தி அந்த மேசையில் இருப்பார். பேனாவும் அங்கேயே இருக்கிறது. உணவுக்குப் போகும் வழியில் நில்லுங்கள். வணக்கம்.